மணக்குடிக்கு வாருங்கள்: பழையாற்றங்கரை உள்ளாட்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

பூதப்பாண்டியிலிருந்து மணக்குடி வரை, பழையாற்றின் கரையில் உள்ள மாநகராட்சி, பேரூராட்சி, ஊராட்சிகளின் பொறுப்பில் இருப்பவர்களுக்கு வணக்கம்.

குமரி மாவட்டத்து மலையில் பிறந்து குமரி மாவட்டத்திலேயே கடலில் சேரும் சின்ன ஆறு இது. பக்கத்து மாநிலத்தோடு வழக்கு கிடையாது, நடுவர் மன்றம் கிடையாது. கெடுப்பதும் நாம்தான், சரிசெய்ய வேண்டியதும் நாம்தான்.

இந்த ஆற்றில் பழைய காலத்திலிருந்தே வரிசையாக அணைகள் உண்டு. சோழன்திட்டை அணை, பிள்ளைபெத்தான் அணை, மிஷன் அணை என்று விவசாயிகள் இன்றும் பெயர் சொல்லிப் பேசுகிறார்கள். ஒவ்வொரு அணையும் தன் வாய்க்காலுக்கு வேண்டியதைத் திருப்பிவிட்டு மிச்சத்தை வழியவிடும். வயலில் வடிந்த நீரும் ஆற்றுக்கே திரும்பி அடுத்த அணைக்குப் போகும். கடைமடைக்கும் பங்கு உண்டு என்பதைக் கல்லிலேயே கட்டிவைத்த ஏற்பாடு அது. இன்று அதே வரிசையில் நாம் கீழே அனுப்புவது சாக்கடையை. நாகர்கோவில் ஓடைகளின் கழிவுநீர் ஆற்றில் விழுகிறது. அந்த அழுக்கைத் தின்று ஆகாயத்தாமரை மூடிக்கொள்கிறது. மழை வந்ததும் அதுவே பாலத்திலும் மதகிலும் அடைத்துக்கொண்டு தண்ணீரை ஊருக்குள் திருப்புகிறது. 2021 நவம்பரில் ஒழுகினசேரியும் சுசீந்திரமும் பட்ட பாடு உங்களுக்கு நினைவிருக்கும்.

சுசீந்திரம், தேரூர் குளங்களுக்கு 2022-ல் ராம்சார் அங்கீகாரம், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது. பெருமைதான். ஆனால் ஆற்றையும் வாய்க்காலையும் விட்டுவிட்டுக் குளத்தை மட்டும் காப்பாற்ற முடியாது.

எல்லாவற்றுக்கும் கடைசியில் இருப்பது மணக்குடிக் காயல். கோடையில் நீர்வரத்து குறைந்தால், காயல் கடலில் திறக்கும் பொழிமுகத்தை மணல் அடைக்கும். அப்புறம் மேலே இருந்து வந்ததெல்லாம் காயலில்தான் தேங்கும், கண்டல் (அலையாத்தி) மரங்களின் வேர்களுக்கு நடுவில், வலை வீசுபவர்களின் காலடியில். 2004 சுனாமியில் பாலத்தையே பறிகொடுத்த ஊர் அது. கடலின் சீற்றத்தையே தாங்கிய அந்த மக்கள் நம் ஊர்ச் சாக்கடையையும் ஏன் தாங்க வேண்டும்?

எனவே ஒரு கோரிக்கை. வடகிழக்குப் பருவமழைக்கு முன், கரையிலுள்ள எல்லா உள்ளாட்சிகளும் ஒன்றாகக் கூடுங்கள். அந்தக் கூட்டம் நாகர்கோவில் அரங்கில் வேண்டாம், மணக்குடியில் நடக்கட்டும். உங்கள் எல்லைக்குள் எத்தனை சாக்கடை வாய்கள் ஆற்றில் திறக்கின்றன என்ற வரைபடத்தோடு ஒவ்வொருவரும் வாருங்கள். அதை மீனவர்கள், விவசாயிகள் முன்னால் விரித்துவையுங்கள். எந்த வாயை எப்போது அடைப்பீர்கள், கழிவுநீரை எங்கே சுத்திகரிப்பீர்கள் என்று அங்கேயே தேதி சொல்லுங்கள். ஆகாயத்தாமரையை அணைக்குக் கீழே தள்ளிவிடாமல் கரையேற்றி அகற்றும் பொறுப்பு யாருடையது என்பதையும் அன்றே எழுதிக் கையெழுத்திடுங்கள்.

இப்படிக்கு,
பழையாற்றங்கரைவாசி