'நோ பிராப்ளம்' பாடியவருக்கு

அன்புள்ள அபாச்சி இந்தியன் அவர்களுக்கு,

உங்கள் குரலை நான் முதலில் கேட்டது 1996-ல். 'லவ் பேர்ட்ஸ்' படத்துக்காக ரஹ்மான் இசையில் நீங்கள் பாடிய 'நோ பிராப்ளம்'. அபாச்சி என்பது அமெரிக்கப் பழங்குடி ஒன்றின் பெயராச்சே, கேசட் அட்டையில் அதைப் பார்த்த நண்பன் ஒருவன், ரஹ்மான் அமெரிக்காவிலிருந்து ஒரு செவ்விந்தியரையே கூட்டி வந்துவிட்டார் என்று அடித்துச் சொன்னான். நாங்களும் நம்பினோம். பாட்டில் அந்த 'நோ பிராப்ளம்' தவிர ஒரு வார்த்தை பிடிபடவில்லை. அதனாலென்ன, வாய்க்கு வந்ததைப் போட்டுக் கூடவே கத்தினோம்.

நீங்கள் பர்மிங்காமின் ஹேண்ட்ஸ்வொர்த்தில் பிறந்த பஞ்சாபிப் பையன், வீட்டில் வைத்த பெயர் ஸ்டீவன் கபூர் என்பதெல்லாம் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. செவ்விந்தியரை இழந்ததில் கொஞ்சம் ஏமாற்றம்தான், மறைப்பானேன்.

உங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் 'கிராஸ்ஓவர்' என்ற சொல்லை விடுவதே இல்லை, பஞ்சாபிப் பையன் ஜமைக்கா இசைக்குத் தாண்டிப் போனான் என்ற அர்த்தத்தில். எனக்கு அது ஒட்டவில்லை. நீங்கள் எதைத் தாண்டிப் போனீர்கள்? ஹேண்ட்ஸ்வொர்த்தில் ஜமைக்காக்காரர்களும் பஞ்சாபிகளும் ஒரே தெருக்களில்தான் குடியிருந்தார்கள். ஸ்டீல் பல்ஸ் என்ற ரெக்கே (ஜமைக்கா இசை) குழுவும் அந்தப் பேட்டையிலிருந்து வந்ததுதான். பக்கத்து வீட்டுப் பேச்சு நாக்கில் ஏறுவதற்குக் கடல் தாண்ட வேண்டுமா என்ன?

டான்ஸ்ஹால் என்ற ஜமைக்கா ஆட்ட இசையில் டீஜே என்றால் இசைத்தட்டு போடுகிறவர் அல்ல. அவர் பெயர் செலக்டர். ஓடுகிற தாளக்கட்டின் மேல் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேச்சும் பாட்டுமாக அடுக்குகிறவர்தான் டீஜே. அந்தத் தாளக்கட்டுக்கு 'ரிடிம்' என்று பெயர். ஒரே ரிடிம் மேல் பத்துப் பேர் பத்துப் பாட்டு பாடுவார்கள், யாருடைய வாய் என்பதுதான் கணக்கு. 1990-ல் 'மூவி ஓவர் இந்தியா' பாட்டில் அந்த வாய் உங்களுடையதாக இருந்தது. ஜமைக்காவின் பட்வா பேச்சுக்கு நடுவே பஞ்சாபிச் சொற்கள், தட்டுத் தடங்கல் இல்லாமல்.

என் கணக்கில் உங்கள் ஆகச் சிறந்த பாட்டு 'அரேஞ்ச்டு மேரேஜ்' (1993). கல்யாண வயசு வந்துவிட்டது, அம்மா அப்பா பார்த்து வைக்கிற பெண், அதுவும் ஜலந்தரிலிருந்துதான் வேண்டும் என்று பெரிய மனுஷன் மாதிரி பட்டியல் போடுகிறீர்கள். கடைசியில் மெதுவாக ஒரு சிக்கலை அவிழ்க்கிறீர்கள்: காதலியிடம் இதை எப்போது சொல்வது? எங்கள் ஊரில் எத்தனை வீட்டில் நடந்த கதை இது! அதை ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டன் உச்சரிப்பில் கேட்டபோது சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

அதே வருஷம் 'பூம் ஷாக்-அ-லாக்' பிரிட்டனின் பாட்டு விற்பனைப் பட்டியலில் ஐந்தாம் இடத்துக்கு ஏறியது, உங்கள் முதல் தொகுப்பு 'நோ ரிசர்வேஷன்ஸ்' அங்கே சிறந்த இசைத்தொகுப்புக்குத் தரும் மெர்க்குரி பரிசின் இறுதிப் பட்டியலுக்குப் போனது. 1995-ல் வந்த அடுத்த தொகுப்பு எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. முதல் தொகுப்பில் இருந்த தெருவாசனை அதில் குறைவு. ஆனால் இன்றைக்கும் உங்களை 'பூம் ஷாக்-அ-லாக்' ஒன்றோடு முடித்துவிடுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. கல்யாணப் பாட்டை அவர்கள் கேட்கவே இல்லை.

சரி, இந்தக் கடிதத்தை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். 'அபாச்சி' என்ற பெயரை நீங்கள் எடுத்தது சூப்பர் கேட்டிடமிருந்து. 'வைல்ட் அபாச்சி' என்பது அந்தக் கிங்ஸ்டன் டீஜேயின் பட்டப்பெயர். அவரோ இந்திய வம்சாவளி. 1845 முதல் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலில் ஏற்றப்பட்டவர்களின் வழி வந்தவர்களை ஜமைக்காவில் 'கூலி' என்றே கூப்பிட்டார்கள், ஏளனமாக. அந்தச் சொல்லுக்குத் தமிழ்தான் வேர் என்பார் பலர். எங்களுக்குக் கூலி என்றால் செய்த வேலைக்குக் கையில் வாங்கும் காசு. அங்கே அது மனிதரின் பெயராகிவிட்டது.

ஆக, ஜமைக்காக்காரர் ஒருவரைப் பார்த்து நீங்கள் பெயர் வைத்துக்கொண்டீர்கள். அவரும் பாதி நம் ஆள். பெயரை எடுத்தபோது இது உங்களுக்குத் தெரியுமா, இல்லை அவர் மைக் பிடித்த விதம் பிடித்துப்போய் எடுத்துக்கொண்டதா? இரண்டாவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அன்புடன்,
பழைய கேசட்காரன்

பி.கு.: எங்கள் ஊரில் இப்போது அபாச்சி என்றால் டிவிஎஸ் பைக். உங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மைலேஜ் எவ்வளவு என்று கேட்கிறார்கள்.