பாலத்தடியில் ஒரு பலகைக்காரன்

அன்பு மகன் கார்த்திக்கு,

அம்மா எழுதுவது. ரோட்டோரம் நின்று பலகையைச் சுற்றிக் கடைக்கு ஆள் கூப்பிடுகிற பையனை அமெரிக்காவிலிருந்து நீ எடுத்து அனுப்பிய வீடியோவை நானும் உங்கப்பாவும் பார்த்தோம். அப்புறம் போன் என் கைக்குத் திரும்பி வரவே இல்லை. பரோட்டா மாஸ்டர், சப்ளையர் பையன்கள், பாத்திரம் கழுவுகிற அக்கா என்று கடையே பார்த்து முடித்தது. அந்தப் பையன் அம்பு மாதிரி வெட்டிய பலகையைத் தலைக்கு மேலே எறிந்து, முதுகுக்குப் பின்னால் வாங்கி, காலுக்கடியில் விட்டு எடுத்து, கடைசியில் சடக்கென்று நிறுத்திக் கடைப் பக்கம் நீட்டுகிறானே, அந்த இடத்தில் மாஸ்டர் விசிலே அடித்துவிட்டார். "நம்ம கடைக்கும் ஒரு ஆள் போடலாமேம்மா" என்று கேட்டிருந்தாய். போனில் பேசினால் ‘சரிம்மா, சரிம்மா' என்று பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

போடலாம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஆனால் நீ சொன்ன இடத்தில் வேண்டாம், நீ சொன்ன நேரத்திலும் வேண்டாம். உங்கப்பா சொல்கிற ஆளை வைத்துச் செய்யவே வேண்டாம்.

முதலில் இடம். 2020-ல் நம் மதுரை காளவாசல் மேம்பாலம் திறந்தது முதல் நம் வியாபாரம் எப்படி ஆனது என்று உனக்குத் தெரியும். அதற்கு முன்னால் பழங்காநத்தத்திலிருந்து வருகிற வண்டி எல்லாம் சிக்னலில் நின்றே ஆக வேண்டும். நிற்கிறவன் மூக்குக்கு மீன் வறுக்கிற வாசம் போகும், பத்து வண்டியில் ஒன்றாவது ஓரம் கட்டும். இப்போது அவர்கள் மேலேயே ஏறிக் குரு தியேட்டர் பக்கம் இறங்கிப் போய்விடுகிறார்கள். நீ பாலம் ஏறுகிற இடத்தில் ஆளை நிறுத்தச் சொல்கிறாய். அங்கே வண்டிகள் வேகம் பிடிக்கும். டேங்க் மேல் ஒரு பிள்ளை, பின்னால் அம்மா மடியில் ஒரு பிள்ளை என்று வருகிறவன் பலகையைப் பார்த்துக்கொண்டே போய் முன்னால் போகிற ஷேர் ஆட்டோவில் மோதினால் அந்தப் பாவம் யாருக்கு? அதோடு, மேலே ஏறத் தயாரானவன் அம்பைப் பார்த்தாலும் திரும்ப வழி கிடையாது. பாலத்துக்கு அடியில் தேனி ரோட்டுக்குத் திரும்புகிற வண்டிகள் இன்றைக்கும் சிக்னலில் நிற்கின்றன. நிற்கிறவனுக்குத்தான் படிக்க நேரம் இருக்கும். அங்கேயும் ரோட்டில் இறங்கக் கூடாது. சர்வீஸ் ரோடு ஓரத்தில், நம் சந்து முனையில், பிளாட்பாரத்துக்கு உள்ளே நிற்க வேண்டும். டிராபிக் போலீஸ்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது உங்கப்பா பொறுப்பு.

ஃப்ளெக்ஸ் வைத்தால் என்ன என்று உன் மாமா கேட்கிறார். மதுரையில் ஃப்ளெக்ஸை யார் பார்க்கிறார்கள் சொல்லு. காதுகுத்து, வளைகாப்பு, கட்சிக்காரர் பிறந்தநாள் என்று எல்லா முகமும் சிரித்துக்கொண்டிருக்கிற ஊரில் நம் மீன் படம் எந்த மூலைக்கு? 2019-ல் சென்னை பள்ளிக்கரணையில் ஸ்கூட்டரில் வேலை முடிந்து வந்த பெண்பிள்ளை மேல் பேனர் விழுந்து, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறி அவள் செத்துப்போன நாளிலிருந்து எனக்குப் பேனர் என்றாலே பிடிப்பதில்லை.

இப்போது ஆள் விஷயம். இதில்தான் உங்கப்பாவுக்கும் எனக்கும் சண்டை. "ஒரு வாட்ச்மேன் சட்டையும் தொப்பியும் வாங்கிக் கொடுத்து, சும்மா இருக்கிற பெரியவர் யாரையாவது நிறுத்திவிடு, பச்சைக் கொடியை ஆட்டட்டும், ஹைவேயில் அப்படித்தானே செய்கிறார்கள்" என்கிறார். அந்த ஹைவேயில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். விருதுநகர் சித்தி வீட்டு விசேஷத்துக்குப் போகும்போது கப்பலூர் டோல்கேட் தாண்டி நம் வண்டி சூடாகி நின்றுவிட்டது. பக்கத்திலேயே ஒரு ஓட்டலுக்கு ஆள் கூப்பிடுகிற பெரியவர் நின்றிருந்தார். சட்டை அவருக்கு இரண்டு சுற்றுப் பெரிது, கை விரலை மூடியிருந்தது. தார்ச் சூடு செருப்பைத் தாண்டி ஏறுகிறது என்று அட்டைப் பெட்டியை மடித்துக் காலுக்கடியில் போட்டிருந்தார். விசிலை ஊதி ஊதி உதட்டோரம் புண்ணாகியிருந்தது. "உட்கார மாட்டீங்களாய்யா" என்று கேட்டேன். "உட்கார்ந்தா கேமராவுல முதலாளி பார்த்துருவாரு தாயி" என்றார். எங்களோடு பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு வேன் வந்தது, பேச்சை விட்டுவிட்டுக் கொடியோடு ஓடினார். வேன் நிற்காமல் போய்விட்டது. அந்தக் கையை அவர் இறக்கிய விதத்தைப் பார்த்ததற்கப்புறம் என் கடை வாசலில் அப்படி ஒருவரை நிறுத்த எனக்கு மனசு வராது.

ஜவுளிக் கடையில் நாள் முழுக்க நிற்கிற பிள்ளைகளுக்கு உட்கார நாற்காலி போட வேண்டும் என்று 2021-ல் நம் சட்டசபையிலேயே சட்டம் போட்டார்கள். கடைக்குள்ளே ஃபேனுக்கு அடியில் நிற்கிறவர்களுக்கே சட்டம் வேண்டியிருந்தது என்றால், ரோட்டில் நிற்கிறவர் கதி என்ன?

இன்னொன்றும் இருக்கிறது. உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தண்டோரா போடுவார்கள். அந்தத் தாத்தா முக்கில் நின்று இரண்டு தட்டு தட்டினால் அடுப்பை விட்டுவிட்டு எல்லாரும் வாசலுக்கு வந்துவிடுவோம். அத்தனை வித்தை அந்தக் கையில் இருந்தது. ஆனால் அவருக்குக் காப்பித் தண்ணி தனிக் குவளையில்தான். இந்தச் சாதிக்காரர்தான் அடிக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். 2022 ஆகஸ்டில்தான் அரசாங்கம் தண்டோரா வேண்டாம், வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லுங்கள் என்று கலெக்டர்களுக்கு எழுதியது. நல்ல காரியம். ஊரைக் கூப்பிடுகிற வேலைக்கு நம்மிடம் எப்போதுமே ஆள் இருந்தது, அந்த ஆளுக்கு மரியாதைதான் இல்லை.

உன் வீடியோவில் எனக்குப் பிடித்தது அந்த மரியாதைதான். 2002-ல் உங்கள் சான் டியேகோவிலேயே இளவட்டங்கள் தொடங்கிய ஏரோ என்ற கம்பெனி இந்தப் பலகை சுற்றுவதைப் பழக்கிக் கொடுக்கிற தொழிலாகவே ஆக்கியது என்றாய். லாஸ் வேகாஸில் போட்டி நடத்தி உலக சாம்பியன் பட்டம் எல்லாம் கொடுக்கிறார்கள் என்றும் சொன்னாய். அந்தப் பையன் தன்னை வேடிக்கை பார்க்க வைக்கிறான், கெஞ்சவில்லை. கப்பலூர்ப் பெரியவருக்கும் அவனுக்கும் வேலை ஒன்றுதான். ஆனால் அவனுக்கு ஒரு வித்தை தெரியும், அந்த வித்தைக்குத்தான் கூலி. அங்கேயும் சில கடைகளில் மோட்டார் வைத்த பொம்மையே பலகையை ஆட்டுகிறதாமே? எனக்கென்னவோ அது ஜவுளிக் கடை வாசலில் ஆடுகிற காற்றுப் பொம்மை மாதிரிதான் இருக்கும். ஒரு தடவை பார்ப்பார்கள், அடுத்த தடவை திரும்பமாட்டார்கள்.

ஆளும் கிடைத்துவிட்டான். நம் தெருக் கடைசி வீட்டுப் பையன், பாலிடெக்னிக் படிக்கிறான், ஐந்தாறு வருஷமாகச் சிலம்பம் பழகுகிறான். வீடியோவைக் காட்டியதும் புது ஃப்ரிட்ஜ் வந்த அட்டையை வெட்டிக்கொண்டு கொல்லையில் ஆரம்பித்துவிட்டான். கம்பு சுற்றுகிற கைதானே, வந்துவிடும் என்று நினைத்தோம். கம்பைக் காற்று ஒன்றும் செய்யாது, பலகை பாய் விரித்த மாதிரி காற்றை வாங்குகிறது. இது ஆடி மாசம் வேறு. ஒரு தடவை அட்டை அவன் கையை விட்டுப் பறந்து பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டில் போய் விழுந்தது. அப்புறம் அவனே கண்டுபிடித்தான், அகலத்தைக் குறைத்து நீளத்தை அவன் நெஞ்சளவுக்கு வைத்தால் அடங்குகிறது. சன்பேக் என்கிற பிளாஸ்டிக் ஷீட்டில் செய்தால் கனமும் இருக்காது, யார் மேலாவது பட்டாலும் காயம் ஆகாது. முனையை மட்டும் கூராக வெட்டாமல் வளைத்து வெட்டச் சொல்லியிருக்கிறேன்.

எழுத்துக்கும் ஒரு வாக்குவாதம். உங்கப்பா கடைப் பெயர், போன் நம்பர், ‘குடும்பத்துடன் வாரீர்' எல்லாம் போட வேண்டும் என்கிறார். சுற்றுகிற பலகையில் யார் நம்பரைக் குறித்துக்கொள்ளப் போகிறார்கள்? நம் கடைப் பெயர் தெரிந்தவனுக்குப் பலகையே வேண்டாம், தெரியாதவனுக்குப் பெயரைச் சொல்லி என்ன பயன்? ஒரு பக்கம் ‘அயிரை மீன் குழம்பு', மறு பக்கம் ‘கறி தோசை', இரண்டு பக்கமும் அம்பு. அவ்வளவுதான். அயிரை வராத அன்றைக்கு அந்தப் பக்கத்தைக் காட்டவே கூடாது, வந்தவனிடம் இல்லை என்று சொன்னால் அதோடு போச்சு. ராத்திரி தெரிகிற மாதிரி மஞ்சள் ரேடியம் ஸ்டிக்கரில் எழுதித் தருவதாக நம்பர் பிளேட் கடைக்காரர் சொல்லியிருக்கிறார்.

நேரம் ராத்திரி 7 முதல் 10. நீ சொன்ன மத்தியானம் கிடையவே கிடையாது, மதுரை வெயிலை மறந்துவிட்டாயா? சிக்னல் சிவப்பில் இருக்கும்போது மட்டும் சுற்றுவான், பச்சை விழுந்ததும் பலகையைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்காருவான். நாள் கூலி 400 ரூபாய், சாப்பாடு தனி. பரீட்சை வந்தால் லீவு. உங்கப்பா 400-ஐக் கேட்டதும் கல்லாவைப் பார்த்தார். நான் மாஸ்டரைப் பார்த்தேன், அவர் ‘கொடுக்கலாம்ணே' என்று சொல்லிவிட்டார்.

ஆள் பிடிக்கிறானா இல்லையா என்று எப்படித் தெரியும் என்று கேட்பாய். புதுசாக வந்து உட்காருகிறவரிடம் எப்படி வந்தீங்க என்று சப்ளையர் கேட்டுவிடுவான், அதை நான் பில் பின்னாடி ஒரு கோடு போட்டு வைப்பேன். தீபாவளி வரைக்கும் பார்ப்போம். தேறவில்லை என்றால் பையனை நிறுத்திவிடலாம், பலகையைக் கடை முகப்பில் மாட்டிக்கொள்ளலாம்.

நீ பணம் எதுவும் அனுப்ப வேண்டாம். அந்தப் பையனை மறுபடி ரோட்டில் பார்த்தால் கிட்டப் போய், அவனிடம் கேட்டுக்கொண்டு இன்னொரு வீடியோ எடுத்து அனுப்பு. முகத்தை எடுக்காதே, கையை மட்டும் எடு. முதுகுக்குப் பின்னால் போகிற பலகையை எந்தக் கையில், மேல் விளிம்பில் வாங்குகிறானா கீழ் விளிம்பில் வாங்குகிறானா என்று நம் பையன் கேட்டு உயிரை எடுக்கிறான்.

இப்படிக்கு,
அம்மா