கூரைத் தண்ணீரை நடைபாதையில் விடாமல் வடிகானில் சேர்க்கக் கோரும் மனு

மாநகர ஆணையாளர் அவர்கள்,
மாநகர சபை,
மட்டக்களப்பு.

மதிப்பிற்குரிய ஆணையாளர் அவர்களுக்கு,

விடயம்: நகரக் கட்டடங்களின் கூரைநீர் நடைபாதையில் விழுதல்

நான் கோட்டைமுனையில் குடியிருப்பவள். எழுபது வயது தாண்டிய என் அம்மாவைக் கிழமையில் இரண்டு நாளாவது கடைத்தெருவுக்கும் கோவிலுக்கும் நடத்திக் கூட்டிப் போவேன். போன மாரியில் ஒரு மாடிக் கடையின் முன்னால் அவர் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அன்று மழைகூட இல்லை. கூரைத் தண்ணீர் நாள்தோறும் விழுந்து விழுந்து அந்த இடத்தில் பாசி பிடித்திருந்தது. குழாய் நடைபாதைக்கு ஒரு அடி மேலே முடிகிறது. அங்கிருந்து நாலு அடியில் வீதியோர வடிகான்.

அதற்குப் பிறகு நான் குழாய்களைப் பார்த்துக்கொண்டே நடக்கிறேன். கூரை விளிம்பில் தண்ணீரை ஏந்தும் பீலியே இல்லாமல் தகரத்திலிருந்து நேராகத் தலையில் ஊற்றும் கடைகள் இருக்கின்றன. மேல்மாடிக் குழாயை நடைபாதைக்கு மேலே நீட்டி விட்டிருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் அந்தத் தண்ணீருக்கு ஒதுங்கி வீதியில் இறங்குகிறார்கள். பஸ்ஸும் ஓட்டோவும் அவர்களை உரசிக்கொண்டு போகின்றன. எனக்கு மிகவும் பயமாக இருப்பது இதுதான்.

தண்ணீரின் அளவு கொஞ்சமல்ல. 200 சதுர மீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 20,000 லீற்றர் இறங்கும். வீட்டுக் கூரையில் வைக்கிற ஆயிரம் லீற்றர் தாங்கி இருபதை ஒரே இடத்தில் கவிழ்ப்பது போல. கார்த்திகை, மார்கழியில் ஒரே நாளில் அப்படிப் பெய்வது எங்களுக்குப் புதிதல்ல. அந்தத் தண்ணீர் நடைபாதைக் கற்களுக்குக் கீழுள்ள மணலை அரித்துப் போகிறது. கல் தாழ்கிறது, அரித்த மணல் கானில் போய் அடைக்கிறது. பிறகு கானைத் துப்புரவு செய்வதும் கல்லை மீண்டும் பதிப்பதும் மாநகர சபையின் தலையில்தான்.

எங்கள் ஊர் வாவியோடு ஒட்டிய தட்டை நிலம் என்பது தெரியும். வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்து மணல்திட்டு வெட்டப்படும்வரை வாவி நிரம்பி நின்றால் கான்களும் அசையாமல் நிற்கும். அந்த நாட்களுக்கு இந்த மனுவில் தீர்வு கேட்கவில்லை. சாதாரண மழைநாளில் நாலு அடிக் குழாய் இல்லாததால் மனிதர் விழுவதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஒரு கடைக்காரரிடம் கேட்டேன். "நடைபாதையை நான் வெட்டினால் என்மேல் வழக்கு வரும், யாரிடம் அனுமதி கேட்பதென்றும் தெரியாது" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆகவே ஐப்பசி மழை தொடங்குமுன் தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள் பிரதான வீதிகளில் ஒருமுறை நடந்து, நடைபாதையில் திறந்துவிட்ட குழாய்களைக் குறித்து, உரிமையாளர்களுக்குத் தவணை கொடுத்து அறிவித்தல் அனுப்ப வேண்டும். நடைபாதைக்குக் கீழால் குழாய் பதிக்கும் அனுமதியை ஒரே படிவத்தில், குறைந்த கட்டணத்தில் கொடுத்தால் பலர் தாங்களாகவே செய்வார்கள். அப்புறமும் செய்யாதவர்கள்மேல் சட்டப்படி நடவடிக்கை எடுங்கள். இணைப்பது கூரைநீர் மட்டுமே என்று பார்த்துக்கொள்வதும் அவசியம். கழிவுநீரையும் சேர்த்து விட்டால் அது வாவிக்குத்தான் போகும்.

புதுக் கட்டடங்களுக்கு இன்னும் இலகு. கூரைநீர் எங்கே போகிறது என்பதை வரைபடத்தில் பார்ப்பதோடு நிற்காமல், அனுமதித்தபடி கட்டியதற்கான இணக்கச் சான்றிதழ் கொடுக்குமுன் நேரில் வந்து பார்க்க வேண்டும். இடமிருப்பவர்கள் தாங்கி வைத்து மழைநீரைச் சேமித்தால் வரட்சிக் காலத்துக்கு உதவும்.

அம்மாவின் கை கூடிவிட்டது. ஆனால் மழைக்காலத்தில் வெளியே வர மாட்டேன் என்கிறார். வரும் மாரிக்கு முன் இதைச் செய்து தருமாறு தங்களைத் தயவாகக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் ஒழுங்கையைச் சேர்ந்தவர்களின் கையொப்பங்களையும், குழாய்களின் படங்களையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
கோட்டைமுனை வாசி