படத்துக்குப் பக்கத்தில் நாலு வரி எழுதுங்கள்

பாளையங்கோட்டை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நம் கடைக்கு ஸ்கிராப்புக், அதாவது படம் வைத்துப் பக்கத்தில் எழுதுகிற நினைவேடு, வாங்க வருகிறவர்களில் பள்ளிக்கூட ப்ராஜெக்ட்டுக்கு வருகிறவர்கள்தான் முன்பு அதிகம். இப்போது வீட்டுக்கென்று வாங்குகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். ஆச்சியின் கல்யாணப் படம், பேத்தியின் ஞானஸ்நானம், குலதெய்வக் கோவிலில் காது குத்தியது, தாத்தாவை ஹஜ்ஜுக்கு வழியனுப்பியது என்று அவரவர் வீட்டுக் கதையை ஒரு ஏட்டில் சேர்க்க ஆசைப்பட்டு வருகிறீர்கள். எங்களுக்கு அதில் ரொம்ப சந்தோஷம். வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்கிற சில கேள்விகளுக்குக் கல்லாவில் நின்றுகொண்டு முழுசாகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதல் கேள்வி, ஒட்டுத்தாள் ஆல்பம் ஏன் வைப்பதில்லை என்பது. அட்டையில் வரிவரியாகப் பசை, மேலே ப்ளாஸ்டிக் தாள், தூக்கிப் படத்தை வைத்து மூடினால் போதும். சுலபம்தான். ஆனால் வருஷம் ஆக ஆக அந்தப் பசை பழுப்பாகிப் படத்தின் முதுகில் இறுகிவிடும். மேல்தாள் பல ஆல்பங்களில் பிவிசி என்கிற ப்ளாஸ்டிக். அதிலிருந்து கசிகிற அமிலம் படத்தின் நிறத்தைக் கெடுக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் படமும் தாளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் பிய்க்கும்போது முகம் தாளோடு போய்விடும். அப்படிப்பட்ட ஆல்பம் வீட்டில் இருந்தால் முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் அப்படியே போனில் படம் பிடித்து வையுங்கள். அப்புறம் பல் இடுக்கைச் சுத்தம் செய்கிற நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவில் கொடுத்து, அறுப்பதுபோல மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகரவில்லையா, விட்டுவிடுங்கள். சூடு காட்ட வேண்டாம், தண்ணீர் தொடவே வேண்டாம்.

எங்கள் ஏட்டின் விலை சார்ட் பேப்பர் ஏட்டைவிடக் கூடுதல் என்று சிலர் சொல்கிறீர்கள். உண்மைதான். மலிவான தாளில், மரத்துக்கு உறுதி தருகிற லிக்னின் என்ற பொருள் அப்படியே இருக்கும். பழைய தினத்தாள் மஞ்சளாகி நொறுங்குவது அதனால்தான். அந்தத் தாள் தானும் கெட்டு, தன்மேல் ஒட்டியிருப்பதையும் கெடுக்கும். நாங்கள் தருவது அமிலமும் லிக்னினும் நீக்கிய தாள். படத்தோடு சேர்த்து வைத்தால் படம் கெடுமா என்று பார்க்க ஐஎஸ்ஓ 18916 என்று ஒரு சோதனை இருக்கிறது. அதில் தேறிய தாளாகப் பார்த்து வாங்குகிறோம். பசைக்குப் பதில், படத்தின் நாலு முனைகளையும் செருகிக்கொள்கிற முக்கோண மூலைகள் தருகிறோம். படத்தை எப்போது வேண்டுமானாலும் காயமில்லாமல் வெளியே எடுத்துக்கொள்ளலாம். செலோடேப் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் போடாதீர்கள்.

பேப்பரில் வந்த செய்தியோ இரங்கல் விளம்பரமோ சேர்க்க வேண்டுமானால் நல்ல தாளில் நகல் எடுத்து நகலை வையுங்கள். குழந்தை வயிற்றில் இருக்கும்போது எடுத்த ஸ்கேன் படத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். அது பெரும்பாலும் சூட்டில் அச்சாகிற தாள், பஸ் டிக்கெட் தாள் மாதிரி தானே வெளுத்துப் போகும். லேமினேஷன் போட்டால் அந்தச் சூட்டிலேயே கருத்துவிடும். இன்றைக்கே நகல் எடுத்துவிடுங்கள்.

சரி, ஏட்டில் பாதிப் பக்கம் ஏன் வெறும் கோடு போட்டுக் கிடக்கிறது? பூ ஸ்டிக்கரும் மினுமினுத் தாளும் ஒட்டலாமே என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். தாராளமாக ஒட்டட்டும். ஆனால் அந்தக் கோடுகள் எழுதுவதற்காக விட்டவை. இந்த மடலில் நாங்கள் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான்.

மொட்டை போட்ட குழந்தையின் படம் இல்லாத வீடு நம் பக்கம் குறைவு. படத்தில் தலை தெரியும், சந்தனம் தெரியும், அழுகை தெரியும். எதற்காக நேர்ந்துகொண்டார்கள் என்பது தெரியாது. மஞ்சள் காமாலையில் பிள்ளை கிடந்தபோது திருச்செந்தூர் முருகனுக்கு வேண்டிக்கொண்டதா, வேளாங்கண்ணி மாதாவுக்கா, வேண்டிக்கொண்டது அம்மாவா பெரியம்மாவா? அதைச் சொல்ல ஆள் இருக்கும்போதே எழுதினால்தான் உண்டு. ஞானஸ்நானப் படம் என்றால் தேதி, ஆலயம், ஞானப்பெற்றோர் பெயர், அந்தப் பெயரையே குழந்தைக்கு ஏன் வைத்தீர்கள் என்பது. புதுவருஷ ஆராதனையில் எடுத்த, வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகளைப் பலர் வேதாகமத்துக்குள்ளேயே செருகி வைத்திருக்கிறீர்கள். ஒவ்வொன்றையும் அந்தந்த வருஷத்துப் பக்கத்தில் வைத்து, அந்த வருஷம் வீட்டில் என்ன நடந்தது, அந்த வசனம் எப்போது ஆறுதலாக இருந்தது என்று இரண்டு வரி எழுதிப் பாருங்கள். பிரசங்கம் கேட்டு வளர்வது வேறு. தன் வீட்டுப் பெரியவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு கஷ்டத்தைத் தாண்டினார்கள் என்று அவர்கள் கையெழுத்திலேயே படித்து வளர்வது வேறு.

வேதாகமத்தின் முன்பக்கத்தில் பிறப்பு, கல்யாணம், மரணம் எழுதி வைக்கிற வழக்கம் நம் ஊர்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் புதிதல்ல. இந்த ஏடு அதன் நீட்சிதான். இன்றைய ஸ்கிராப்புக் பொழுதுபோக்கு அமெரிக்காவில் பரவியதற்கும் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. யூட்டா மாநிலத்தில் மோர்மன் சபையார் முன்னோர் பெயர்களைத் தேடிப் பதிவதை மதக் கடமையாகவே கருதுகிறவர்கள். 1894லேயே அதற்கென்று ஒரு சங்கம் வைத்தார்கள். அந்த மாநிலத்தைச் சேர்ந்த மேரிலன் கிறிஸ்டென்சன் என்ற இல்லத்தரசி, தன் வீட்டு நினைவேடுகளை 1980ல் சால்ட் லேக் சிட்டியில் நடந்த உலக ஆவண மாநாட்டில் காட்சிக்கு வைத்தார். பார்த்தவர்கள் எப்படிச் செய்வது என்று கேட்கத் தொடங்க, அவரும் கணவரும் அதற்கான சாமான்கள் விற்க ஸ்பானிஷ் ஃபோர்க் என்ற ஊரில் கடையே திறந்தார்கள். நம் தொழிலுக்கு அவர் மூத்தவர் என்கிற மரியாதை எங்களுக்கு உண்டு.

படத்தின் பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதாதீர்கள், முன்பக்கம் தடம் விழும். பழைய கறுப்பு வெள்ளைப் படமானால் பின்பக்க ஓரத்தில் மெத்தென்ற பென்சிலால் லேசாக எழுதலாம். பிந்தைய கலர் படங்களின் முதுகில் ப்ளாஸ்டிக் பூச்சு இருப்பதால் பென்சில் பிடிக்காது. பெயர்களை ஏட்டுப் பக்கத்திலேயே பிக்மென்ட் மை (சீக்கிரம் வெளுக்காத மை) பேனாவால் எழுதுங்கள். கூட்டமாக நிற்கிற படமானால் இடமிருந்து வலம், வரிசை வரிசையாக. “மாமா” என்று மட்டும் எழுதினால் யாருக்கு மாமா என்று பேரப்பிள்ளைக்குத் தெரியாது. முழுப்பெயர், ஊர், உறவு மூன்றும் வேண்டும். எழுத வராத ஆச்சிமார் சொல்லச் சொல்லப் போனில் பதிந்துகொண்டு, பிறகு அவர்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள், திருத்த வேண்டாம்.

மஞ்சள் தடவிய பத்திரிகை, குருத்தோலைச் சிலுவை, சரிகைத் துண்டு இவற்றைப் படத்தைத் தொடும்படி வைக்காமல் தனி உறையில் போடுங்கள். குருத்தோலை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். ஏட்டைப் பரணில் போடாமல் பீரோவில் வையுங்கள். ராமபாணப் பூச்சிக்குப் பயந்து உள்ளே பாச்சா உருண்டை போட வேண்டாம். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை எடுத்து நிழலில் பிரித்து வைத்தால் போதும்.

நூலுக்கும் நகராமல் ஒட்டிப்போன பழைய ஆல்பம் எதுவாக இருந்தாலும் பிய்த்துப் பார்க்காமல் அப்படியே கடைக்கு எடுத்து வாருங்கள். உங்கள் கண்முன்னாலேயே பார்த்துச் சொல்கிறோம், அதற்குக் காசு வாங்குவதில்லை. கூட வீட்டுப் பெரியவர் ஒருவரையும் அழைத்து வந்தால் பெயர்களை அங்கேயே உட்கார்ந்து எழுதிவிடலாம், நாற்காலி போட்டுத் தருகிறோம்.

அன்புடன்,
உங்கள் ஆல்பம் கடைக்காரர்கள்