என் காரை நேராக ஓட வைத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூருவில் நடந்த ரிமோட் கார் பந்தயத்தில், பி ஃபைனலில் (தகுதிச் சுற்றில் முன்னணியில் வந்தவர்களுக்கு அடுத்த குழுவின் இறுதிப் போட்டி) என் டூரிங் கார் மூன்றாவதாக வந்தது. எட்டாவதாகக் கிளம்பிய வண்டி. ஐந்து நிமிட ஓட்டத்தில் இடப்பக்க வளைவிலும் வலப்பக்க வளைவிலும் ஒரே மாதிரி திரும்பியது. வெளியில் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. ஏழு மாதமாக நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். அதனால்தான் இந்த மடல்.

வண்டி டமியா டிடி-02 டைப் எஸ். பத்தில் ஒரு பங்கு அளவு. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 257 மி.மீ. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. முதல் நாளிலிருந்தே ஒரு கோளாறு. இடப்பக்கம் திருப்பினால் தண்டவாளத்தில் போவதுபோல் போகும், வலப்பக்கம் திருப்பினால் பின்பக்கம் வழுக்கிச் சுற்றிவிடும். பிரேக் போட்டால் ஒரு பக்கமாக இழுக்கும். நான் ரிமோட்டில், வண்டி நேராகப் போகச் சரிசெய்யும் ட்ரிம்மைத் திருகித் திருகிச் சமாளித்தேன். டயர் மாற்றினேன், ஸ்பிரிங் மாற்றினேன், முன் சக்கரத்தைத் திருப்பும் சர்வோ மோட்டாரையே மாற்றினேன். காசு போனதுதான் மிச்சம்.

முதல் நன்றி கணபதி லேத் பட்டறை ஐயாவுக்கு. ஐயா, உங்களிடம் நான் வந்தது ஒரு சின்ன பித்தளைத் துண்டு கடைந்து வாங்க. கையில் இருந்த வண்டியைப் பார்த்து, "ஏன் தம்பி, மொகமே வாடிக் கெடக்குது?" என்று கேட்டீர்கள். சொன்னேன். நீங்கள் வாழ்நாளில் ஒரு ரிமோட் காரை ஓட்டியதில்லை. ஆனாலும் சேசிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்: "லேத்து பெட்டு முறுக்கிட்டு நின்னா ஜாப் டேப்பராத்தான் வருமுங்க. டூலை மாத்தி என்ன பண்றது? உங்க வண்டியும் முறுக்கிட்டுத்தான் நிக்குது."

அடித்தளமே முறுகியிருந்தால், மேலே எதை மாற்றியும் பயனில்லை என்று பொருள். அந்த ஒரு வாக்கியத்தில் என் ஏழு மாதக் குழப்பம் விலகியது.

முறுக்கைப் பார்க்க மேடு பள்ளமில்லாத ஒரு சமதளம் வேண்டும். அன்று சாயங்காலமே சிங்காநல்லூர் கண்ணாடிக் கடை அண்ணன் 12 மி.மீ. கண்ணாடியில் வெட்டி மிஞ்சிய ஒரு துண்டை, ஓரத்தை உரசி மழுக்கி, காசு வாங்காமல் கொடுத்தார். அண்ணா, நான் அதற்குமுன் வண்டியைச் சரிபார்த்ததெல்லாம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். அந்த மேசையே கோணல் என்பது உங்கள் கண்ணாடியை வாங்கி வந்த பிறகுதான் தெரிந்தது.

கண்ணாடிமேல் வண்டியை வைத்து, முன் பம்பரின் நட்ட நடுவில் கத்தி முனையைக் கொடுத்து மெதுவாகத் தூக்கினோம். இரண்டு முன் சக்கரமும் ஒன்றாகக் கிளம்ப வேண்டும். என் வண்டியில் இடது சக்கரம் ஒரு விரல்கடை எழும்பியும் வலது சக்கரம் கண்ணாடியை விடவில்லை. ஐயா பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எல்லாத் திருகையும் தளர்த்தச் சொன்னார். முன்பு வைத்திருந்தவர் இஷ்டத்துக்கு இறுக்கியதில் கியர்பாக்ஸ் மூடியும் டேம்பர் (ஷாக் அப்சார்பர்) தாங்கியும் சேசிஸைப் பிடித்து முறுக்கியிருந்தன. பிளாஸ்டிக்கில் இறங்கும் திருகை முதலில் பின்பக்கமாகச் சுற்ற வேண்டும். பழைய மரையில் 'டக்' என்று விழும் இடம் கைக்குத் தெரியும். அங்கிருந்துதான் முன்னால் இறுக்க வேண்டும். எஞ்சின் ஹெட் போல்ட் இறுக்குவதுபோல் குறுக்கும் மறுக்குமாக, கால் கால் சுற்றாக. இரண்டு மணி நேரம் ஆனது. மறுபடி கத்தி முனையில் தூக்கியபோது இரண்டு சக்கரமும் சேர்ந்தே எழும்பின. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஐயா டீ சொல்லி அனுப்பினார்.

அடுத்தது பெங்களூரு அண்ணன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கும் போனை எடுப்பார். "ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாத்தணும், மாத்தினதை நோட்டுல எழுதணும்" என்பது அவர் கண்டிப்பு. டேம்பரில் எண்ணெய் ஊற்றிப் பிஸ்டனை மெல்ல ஏற்றி இறக்கிக் காற்றுக் குமிழி போகும்வரை காத்திருக்கச் சொன்னார். பிறகு இரண்டு டேம்பரின் தண்டு முனைகளையும் ஒன்றோடொன்று முட்டவைத்து அழுத்தச் சொன்னார். ஒன்று மற்றொன்றைத் தள்ளி உள்ளே அனுப்பினால் இரண்டும் சமமில்லை என்று பொருள். என் பின்பக்க ஜோடியில் இடது டேம்பர் வலதை அப்படியே உள்ளே தள்ளிவிட்டது. மூன்று தடவை கழற்றிக் கோர்த்தபின் சரியானது. தரையிலிருந்து 5.5 மி.மீ. உயரம், பின்சக்கரத்துக்கு 3 டிகிரி டோ-இன் (சக்கரத்தின் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருப்பது), கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கச் சாய்வு) மைனஸ் 2 டிகிரி, அதாவது உள்நோக்கி: நம் ஊர்த் தூசித் தாருக்கு இதிலிருந்து தொடங்கு என்றார். கடைசியில் பந்தயத்தில் ஓடியதும் ஏறக்குறைய அதே அளவில்தான்.

எடை பார்க்க அம்மா சமையலறைத் தராசைக் கொடுத்தார், பக்கத்து வீட்டு அக்கா இன்னொன்று. இடது சக்கரங்கள் ஒன்றின்மேல், வலது சக்கரங்கள் மற்றதன்மேல். 55 கிராம் வித்தியாசம் காட்டியது. மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி.யையும் ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவரையும் நகர்த்தி, மிச்சத்துக்கு வீல் அலைன்மென்ட் கடைத் தம்பி கொடுத்த 5 கிராம் ஈயத் துண்டுகளை ஒட்டி, வித்தியாசத்தை 5 கிராமுக்குள் கொண்டுவந்தேன். அம்மா, தராசில் ஒட்டியிருந்த டயர் கறுப்பைத் துடைத்துவிட்டேன்.

மோட்டார் தண்டில் இருக்கும் சின்னப் பல்சக்கரம் பினியன், அது சுற்றவைக்கும் பெரியது ஸ்பர். 70 பல் ஸ்பருக்கு 22 பல் பினியன் போட்டால், வண்டியின் உள் கியரையும் சேர்த்து விகிதம் 8.27 வரும். அதில் நேர்ப்பாதையில் எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள். பினியனை ஒவ்வொரு பல்லாக ஏற்றினேன். பல் ஏற ஏற வேகம் கூடும், மோட்டார் சூடும் கூடும். ஏ.சி. மெக்கானிக் அண்ணன் தன் லேசர் தெர்மாமீட்டரைக் கொடுத்து, 80 டிகிரிக்குமேல் விடாதே என்றார். கோவை வெயிலில் 25 பல்லில் அந்தக் கோட்டை எட்டியதால் 24-இல் நிறுத்திக்கொண்டேன்.

எங்கள் குடியிருப்பில் பெருக்கும் அக்காவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அக்கா, நான் கேட்காமலேயே ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்தரை மணிக்கே வந்து பின்பக்க பார்க்கிங்கை முதலில் பெருக்கிக் கொடுத்தீர்கள். ரப்பர் டயருக்குத் தூசிதான் முதல் எதிரி. நீங்கள் பெருக்கிய தரையில்தான் நான் எந்த மாற்றம் உண்மையில் பலன் தந்தது என்று கண்டுபிடித்தேன். பந்தயத்தில் கிடைத்த சின்னக் கேடயத்தை முதலில் உங்கள் கையில்தான் கொடுத்தேன், நினைவிருக்கிறதா?

தகுதிச் சுற்றில் என் வண்டி கவிழ்ந்தபோது ஓடிவந்து நிமிர்த்திவிட்ட இளைஞருக்கும் நன்றி. ஒரு சுற்று ஓட்டி முடித்தவர்கள் அடுத்த சுற்றுக்கு மார்ஷலாக, அதாவது கவிழ்ந்த வண்டிகளை நிமிர்த்துபவராக, நிற்பது வழக்கம். அவர் முகம்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. மற்ற வண்டிகள் போகும்வரை கையில் பிடித்திருந்து, வழி கிடைத்ததும் சரியான திசையில் வைத்துவிட்டார். அவர் அவசரப்பட்டிருந்தால் இரண்டு பேர் வண்டி உடைந்திருக்கும்.

கண்ணாடித் துண்டு என் மாடி அறையில்தான் இருக்கிறது. கோவையில் யாருக்காவது வண்டி ஒரு பக்கமாக இழுத்தால், ஞாயிறு காலை எட்டு மணிக்குமேல் எடுத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். ஏ.சி. அண்ணா, உங்கள் தெர்மாமீட்டரைப் புது பேட்டரி போட்டு வைத்திருக்கிறேன், வியாழக்கிழமை கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
சிங்காநல்லூரிலிருந்து உங்கள் தம்பி