செயலாளரின் ஆண்டறிக்கை: 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

சங்கத்தின் பழைய ஆண்டு மலர்களையும் கையெழுத்துப் பத்திரிகையையும் ஆறே மாதத்தில் மின்னூலாக்கிவிடலாம் என்று சென்ற பொதுக்குழுவில் சொன்னேன். நீங்களும் கைதட்டினீர்கள். ஆறு மாதத்தில் முடியவில்லை. ஏன் என்று சொல்வதற்கு முன் மற்றவற்றை முடித்துவிடுகிறேன். மழையால் நின்ற ஒன்றைத் தவிர மாதக் கூட்டங்கள் எல்லாம் நடந்தன. நூலக அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. மின்விசிறிதான் இன்னும் சத்தம் போடுகிறது.

சரி, மின்னூலுக்கு வருகிறேன். முதலில் எடுத்தது 1972ஆம் ஆண்டு மலர். நம் இளைஞர்கள் இருவர் பக்கம் பக்கமாகச் செல்போனில் படம் பிடித்தார்கள். படங்களுக்கு 1, 2, 3 என்று பெயரிட்டதில்தான் முதல் சறுக்கல். நாங்கள் பயன்படுத்திய மென்பொருள் 1க்கு அடுத்து 10, 100 என்று அடுக்கிவிட்டு, அதற்கப்புறம்தான் 2க்கு வந்தது. தலைவர் உரை பாதியில் நின்று, அடுத்த பக்கத்தில் ஜவுளிக்கடை விளம்பரம். 001, 002 என்று பெயர் மாற்றிய பிறகே வரிசை சரியானது.

படங்களை வரிசையாகக் கோத்து இபப் (EPUB) என்ற மின்னூல் கோப்பாக்கி, பொங்கலன்று பெருமையாக வெளியிட்டோம். மூத்த உறுப்பினர் ஒருவர் தன் செல்போனில் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். எழுத்து அசையவில்லை. “தம்பி, இது புஸ்தகமா, போட்டோ ஆல்பமா?” என்றார். அவர் கேட்டது நியாயம். இபப் என்பது இணையப் பக்கம் போன்ற கோப்புகளையும், அவற்றை எந்த வரிசையில் காட்டுவது என்ற பட்டியலையும் சேர்த்துக் கட்டிய ஒரு ஜிப் பொதி. பக்கத்துக்கு ஒரு படத்தை வைத்துக் கட்டினாலும் அது இபப்தான். ஆனால் படத்தில் இருப்பது எழுத்து என்று கருவிக்குத் தெரியாது. எழுத்தைத் தனியாகப் பெரிதாக்க முடியாது, சொல்லைத் தேட முடியாது, பார்வையற்றவருக்கு வாசித்துக் காட்டவும் முடியாது.

எனவே மறுபடி முதலிலிருந்து. கோணலான பக்கங்களை நிமிர்த்தி, விரல் நிழல்களை நீக்கி, படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தட்டச்சு எழுத்தாக்கும் டெசராக்ட் என்ற இலவச எழுத்துணரி மென்பொருளிடம் கொடுத்தோம். அதற்குத் தமிழ் தெரியும், ஆனால் இன்றைய தமிழ். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பிப்பதற்கு முன் அச்சான மலர் இது. ‘லை’, ‘ளை’, ‘னை’ எல்லாம் யானைத் தும்பிக்கை போன்ற வளைவு போட்டு நிற்கும்; ‘றா’, ‘னா’ ஒட்டிக்கொண்டு ஒரே எழுத்தாக வரும். ‘தலைவர்’ என்ற சொல் ஒவ்வொரு பக்கத்திலும் ஒவ்வொரு தினுசாக வந்தது. (இப்போதைய தலைவர் மன்னிக்க.) துணைக்காலை ‘ர’ என்று படித்தது, புள்ளிகளை விழுங்கியது. மெய்ப்புப் பார்க்க முன்வந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் திரையில் பார்க்க மாட்டோம், தாளில் கொடுங்கள் என்றார்கள். காகிதத்திலிருந்து மின்னூலாக்கும் வேலைக்குக் காகிதம் வாங்கிய கதை இதுதான்.

கையெழுத்துப் பத்திரிகையைத் தட்டச்சு செய்யக் கூடாது என்பது என் கருத்து. செயற்குழுவில் இருவர் மறுத்தார்கள். அந்தக் கையெழுத்தும் ஓரத்துப் படங்களும் போய்விட்டால் அதில் என்ன மிச்சம்? அதனால் படங்களாகவே வைத்து ஜிப் ஆக்கி, கோப்புப் பெயரின் பின்னொட்டை சிபிஸெட் (cbz) என்று மாற்றினோம். சித்திரக்கதை படிக்கும் செயலிகளில் அப்படியே திறக்கிறது. அளவைக் குறைக்கக் கறுப்பு வெள்ளையாக்கியபோது சிவப்பு மைத் தலைப்புகள் மங்கிப்போனதால், வண்ணத்திலேயே விட்டு, படத்தின் அகல உயரத்தை மட்டும் சுருக்கினோம். எழுதியவர் பெயரைத் தேட வசதியாக, ஒவ்வொரு இதழின் பொருளடக்கத்தையும் தட்டச்சு செய்து தனிக் கோப்பாக உடன் கொடுத்திருக்கிறோம். ஜேபெக் (JPEG) வகைப் படத்தைத் திருத்திச் சேமிக்கும்தோறும் தரம் கொஞ்சம் குறையும் என்பதால், மூலப் படங்களைத் தொடாமல் இரண்டு வன்தட்டுகளில் வைத்திருக்கிறோம்.

இந்தியச் சட்டப்படி எழுதியவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. ஆகவே குடும்பத்தினரிடம் கடிதம் வாங்கினோம். ஒரு குடும்பம் மட்டும் இன்னும் சம்மதிக்கவில்லை. அந்தக் கதை இருந்த இடத்தில் தலைப்பு மட்டும் இருக்கிறது.

1972 மலர் முடிந்தது. அடுத்த மலர் மெய்ப்பில் இருக்கிறது. இன்னும் இரண்டு பேர் மெய்ப்புப் பார்க்க வந்தால் நல்லது. காகிதச் செலவு பற்றிய கேள்விகளுக்குப் பொருளாளர் பதில் சொல்வார்.

இப்படிக்கு,
செயலாளர்