தண்ணீர் எங்கே தங்குகிறது என்று பார்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் பைக் செயினில் தெரிகிற அந்தச் செம்பழுப்பு, துருதான். கழுவிய மறுநாள் காலை வண்டி இருமி இருமி ஓடியது, மதியத்துக்குள் தானாகவே சரியாகிவிட்டது என்று எழுதியிருந்தாய். அதற்கும் துருவுக்கும் காரணம் ஒன்றேதான்: கழுவிய தண்ணீர் உள்ளே தங்கிவிட்டது. பயப்படாதே, பெரிய செலவு எதுவும் வராது. ஆனால் "இனிமேல் இதைக் கழுவவே போவதில்லை" என்று முடித்திருந்தாயே, அது மட்டும் வேண்டாம். அழுக்கு வண்டியை மெதுவாகத்தான் கெடுக்கும். தங்கிய தண்ணீர் அதைவிட வேகமாகக் கெடுக்கும். அதனால் கழுவுவதற்கு எவ்வளவு நேரம் செலவழிக்கிறாயோ, குறைந்தது அவ்வளவு நேரத்தைக் காயவைப்பதற்கும் ஒதுக்கு. உன் அப்பா வாளித் தண்ணீரை வீசி ஊற்றிவிட்டு, "வெயில் பார்த்துக்கொள்ளும்" என்று உள்ளே போய்விடுவார். அவர் வழியைப் பின்பற்றாதே.

முதலில் அந்த அழுத்தத் தண்ணீர்த் துப்பாக்கியை மறந்துவிடு. வேலை சீக்கிரம் முடிகிறது, சேறு பறக்கிறது, பார்க்க நன்றாகத்தான் இருக்கும். வண்டி மழைக்குத் தாங்கும்படி செய்யப்பட்டதுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சக்கரத்தை உராயாமல் சுழலவைக்கும் பேரிங், ஹாண்டில்பாருக்குக் கீழே இருக்கும் பேரிங், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்கள் இவற்றையெல்லாம் காப்பது ஒரு மெல்லிய ரப்பர் சீல். மழைத்துளியை அது தடுக்கும். பக்கவாட்டிலிருந்து ஓர் அடி தூரத்தில் பீறிட்டு அடிக்கும் தண்ணீரைத் தடுக்காது. சீலைத் தாண்டி உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழி இல்லை. அது கிரீஸோடு கலந்து பால்நிறமாகிவிடும், பேரிங் துருப்பிடிக்கும், சில மாதம் கழித்துச் சக்கரத்திலிருந்து ஓர் இரைச்சல் கேட்கும். அதற்குள் என்றைக்கோ கழுவியதை யார் நினைவில் வைத்திருக்கப் போகிறார்கள்? பேரிங் மட்டமானது என்று திட்டிவிட்டு மாற்றுவோம்.

உன் செயினிலும் இதே கதைதான் நடந்திருக்கும். இப்போது வருகிற பெரும்பாலான வண்டிகளின் செயினில் ஒவ்வொரு லிங்க்கிலும் சின்ன ரப்பர் வளையங்கள் இருக்கும். ஓ-ரிங் என்பார்கள். செயினைச் செய்யும்போதே லிங்க்குகளை இணைக்கும் பின்னைச் சுற்றி கிரீஸ் வைத்து, அது வெளியே வராமல் அந்த வளையத்தால் அடைத்துவிடுகிறார்கள். நாம் வெளியே அடிக்கிற எண்ணெய் துருவைத் தடுக்கும், ரப்பர் காய்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் கிரீஸ் ஒருமுறை போய்விட்டால் மறுபடி வைக்க முடியாது. அழுத்தத் தண்ணீர் அதைத்தான் அரித்துக்கொண்டு போகிறது. ஒருமுறை பட்டதால் ஒன்றும் ஆகாது. வாராவாரம் பட்டால் செயின் சீக்கிரம் தொங்கிவிடும்.

சரி, வீட்டில் எப்படிக் கழுவுவது? ஓடிவந்த சூட்டோடு தண்ணீர் ஊற்றாதே. எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்து, எடுக்கத் தோன்றாமல் வைத்திருக்க முடிகிறதா பார். முடிந்தால் ஆரம்பிக்கலாம். கொதிக்கிற உலோகத்தில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் ஒரு பக்கம் சட்டென்று சுருங்கும், மறுபக்கம் சுருங்காது. அது எஞ்சினுக்கு நல்லதில்லை. அதோடு சோப்பும் அங்கேயே காய்ந்து கறையாகப் பிடித்துக்கொள்ளும். நிழலில் கழுவச் சொல்வதும் இதற்காகத்தான். வெயிலில் துளி காயும்போது தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், அதிலிருந்த சுண்ணாம்பு மட்டும் வெள்ளைப் புள்ளியாகப் பெட்ரோல் டேங்கில் நிற்கும்.

சைலன்சர் வாயை ஒரு பிளாஸ்டிக் பையால் மூடி ரப்பர் பேண்டு போடு. நான் வண்டிச் சாவியை அந்த ரப்பர் பேண்டிலேயே கோத்துவிடுவேன். பையை அவிழ்க்காமல் வண்டியைக் கிளப்ப முடியாது பார். சாவித் துவாரத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டு. சீட்டுக்கு அடியில் பேட்டரி, ஃபியூஸ், ஏர் ஃபில்டருக்குக் காற்று போகும் வாய் எல்லாம் இருக்கின்றன. கழுவும்போது சீட் அதன் இடத்திலேயே இருக்கட்டும், அந்தப் பக்கம் குழாயை நீட்டாதே.

முதலில் வெறும் தண்ணீரைத் தாராளமாக ஊற்றி, சேறு ஊறி விழும்வரை விடு. இந்த இடத்தில்தான் எல்லோரும் அவசரப்படுவார்கள். சேற்றில் மணல் இருக்கிறது. அதன் மேலேயே துணியைப் போட்டுத் தேய்த்தால் பெயிண்டுக்கு உப்புத்தாள் போட்ட மாதிரிதான். டேங்கில் வெயில் படும்போது வட்டவட்டமாக மெல்லிய கோடுகள் தெரிகிறதே, அவை பெரும்பாலும் துடைத்ததால் வந்தவை. அதனால்தான் இரண்டு வாளி. ஒன்றில் ஷாம்பு கரைத்த தண்ணீர், மற்றொன்றில் வெறும் தண்ணீர். ஸ்பாஞ்சால் ஓர் இடம் தேய்த்ததும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டு அப்புறம் ஷாம்பு வாளியில் முக்கு. மணல் எல்லாம் இரண்டாவது வாளியின் அடியில் போய் உட்காரும். முடிந்ததும் அந்த வாளியைக் கவிழ்த்துப் பார், உனக்கே புரியும்.

வண்டிக்கென்று விற்கிற ஷாம்பு போதும். பாத்திரம் கழுவும் திரவம் எண்ணெயை எடுப்பதற்காகச் செய்தது, பெயிண்டின் மேலிருக்கும் மெழுகுப் பூச்சையும் சேர்த்து எடுத்துவிடும். துணி துவைக்கும் பவுடர் அதைவிட மோசம். அதன் காரம் அலுமினியத்தில் பட்டால் பளபளப்புப் போய் மங்கிவிடும். மேலிருந்து கீழே வா: டேங்க், சீட், பக்கவாட்டு, பிறகு எஞ்சின், கடைசியில் சக்கரம். சக்கரத்துக்கு வேறு ஸ்பாஞ்சு வேண்டும், ஏனென்றால் பிரேக்கிலிருந்து வரும் தூசியில் உலோகத் துகள் இருக்கும். ஹெட்லைட்டில் ஒட்டிக் காய்ந்த பூச்சிகளைச் சுரண்டாதே, ஈரத்துணியைப் பத்து நிமிடம் போர்த்திவை, தானே நெகிழ்ந்துவிடும். பெட்ரோல், தின்னர் எதையும் அந்தப் பிளாஸ்டிக்கில் தொடாதே, மயிரிழை போல வெடிப்பு விழும். உன் டேங்க் பளபளப்பில்லாத மேட் பெயிண்ட் என்பதால் பாலிஷும் மெழுகும் போடாதே. அழுத்தித் தேய்த்தால் அந்த இடம் மட்டும் மினுங்க ஆரம்பித்துவிடும், அப்புறம் அதைப் பழையபடி ஆக்க முடியாது.

ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுக் காயவைப்பதற்கு வருகிறேன். கையால் கழுவுகிறபோது வண்டியின் ஒவ்வொரு மூலையிலும் உன் கை போய்வருகிறது. டயரில் ஏறியிருக்கும் ஆணி, கழன்று ஆடும் நம்பர் பிளேட் போல்ட், ஃபோர்க் குழாயில் வளையமாகத் தெரியும் எண்ணெய்க் கசிவு, நைந்துபோன கேபிள் எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். நான் கழுவுவதே பாதி இதற்காகத்தான்.

இப்போது காயவைப்பது. மைக்ரோஃபைபர் துணியால் பெரிய பரப்பை எல்லாம் ஒற்றி எடு. அது சுலபம். தண்ணீர் ஒளிந்திருக்கும் இடங்களைத் தேடுவதுதான் வேலை. முதலாவது, எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக். சில எஞ்சின்களில் அது ஒரு குழிக்குள் உட்கார்ந்திருக்கும், குழியின் அடியில் தண்ணீர் வடிய ஒரு சின்னத் துளை இருக்கும். துளையைச் சேறு அடைத்தால் குழியில் தண்ணீர் நிற்கும், மின்சாரம் பிளக்கின் முனைக்குப் போகாமல் ஈரத்தின் வழியே கசிந்துவிடும். உன் வண்டி இருமியதற்கு அநேகமாக இதுதான் காரணம். எஞ்சின் சூட்டில் தண்ணீர் ஆவியானதும் சரியாகிவிட்டது. அந்தத் துளையைக் கண்டுபிடித்து ஒரு மெல்லிய கம்பியால் குத்திவிடு. கம்பியை விடுவதற்கு முன்னால் எஞ்சின் ஆறியிருக்க வேண்டும்.

அடுத்து பெட்ரோல் டேங்க் மூடி. அதைச் சுற்றி ஒரு பள்ளம் இருக்கும். அதிலும் வடிதுளை வைத்திருப்பார்கள், அதுவும் அடைபடும். பள்ளத்தில் தண்ணீர் நிற்கும்போது மூடியைத் திறந்தால் அது நேரே பெட்ரோலில் விழும். பெட்ரோலைவிடத் தண்ணீர் கனமானது, டேங்கின் அடியில் போய்த் தங்கி அங்கிருந்து துருவை ஆரம்பிக்கும். ஆகவே பெட்ரோல் போடும் முன் அந்த இடத்தைத் துடைக்கும் பழக்கம் வேண்டும், மழைநாளில் கட்டாயம்.

அப்புறம் போல்ட் தலைகளின் குழிகள், ஹாண்டில்பார் ஸ்விட்ச்சுகள், கிளட்ச் லீவர் திரும்புகிற இடம், சைடு ஸ்டாண்டு ஸ்பிரிங், நம்பர் பிளேட்டின் பின்புறம். டயருக்குக் காற்றடிக்கும் கைப்பம்பு இருந்தால் அதன் முனையை வைத்து ஊது, துளிகள் தெறித்து வெளியே வரும். தலைமுடி காயவைக்கும் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்தும் செய்யலாம். ஹாண்டில்பாரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பு, முன்பக்கத்தை நாலு தடவை அழுத்தி விடு. எங்கிருந்தெல்லாமோ சொட்டும். பிறகு சீட்டைக் கழற்றி அடியில் ஈரம் இருக்கிறதா பார். சீட் தையல் விட்டிருந்தால் உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சு தண்ணீரைக் குடித்துவைத்திருக்கும். உட்கார்ந்தால் தெரிந்துவிடும்!

இவ்வளவும் முடிந்தபின் எல்லோரும் செய்வது, எஞ்சினை ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிடுவது. அது வேண்டாம். பெட்ரோல் எரியும்போது தண்ணீரும் உண்டாகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர், ஆவியாக வெளியே போகும். சைலன்சர் குளிர்ந்து கிடந்தால் அந்த ஆவி உள்ளேயே தண்ணீராகிவிடும். காயவைக்கப் போய் இன்னும் கொஞ்சம் தண்ணீரைச் சேர்த்த கதையாகிவிடும். பையை அவிழ்த்துவிட்டு ஒரு பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு வா. எஞ்சினும் சைலன்சரும் நன்றாகச் சூடேற வேண்டும். ஆரம்பத்தில் வெள்ளையாக ஆவி வரும், சூடேறியதும் நின்றுவிடும்.

கிளம்பும்போது பிரேக்கை நம்பாதே. டிஸ்க் ஈரமாக இருந்தால் முதல் பிடி வழுக்கும், டிரம் பிரேக் காய இன்னும் நேரமாகும். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் மெதுவாகப் போய்க்கொண்டே இரண்டு பிரேக்கையும் லேசாகத் தொட்டுத் தொட்டு விடு. பிடி பழையபடி வந்தபின் தெருவுக்குப் போ. பாலிஷ், சிலிக்கான் ஸ்பிரே, செயின் எண்ணெய், எது தெறித்தாலும் டிஸ்கிலும் டயர் தரையில் படும் பகுதியிலும் படக்கூடாது. டயரைக் கறுப்பாக மினுக்குகிற அந்தத் திரவத்தை வாங்கவே வாங்காதே.

திரும்பி வந்ததும் செயின் வெதுவெதுப்பாக இருக்கும், எண்ணெய் போட அதுதான் நேரம். சென்டர் ஸ்டாண்டு போட்டு, எஞ்சினை அணைத்து, சாவியைப் பாக்கெட்டில் வைத்துக்கொள். சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே கீழ்ப்பகுதிச் செயினின் உள்பக்கமாக அடி. கியரில் போட்டு எஞ்சினால் சுற்றவிட்டு எண்ணெய் அடிக்கிறவர்களைப் பார்த்திருப்பாய். துணியோ விரலோ செயினுக்கும் பற்சக்கரத்துக்கும் நடுவில் போனால் விரல் திரும்பி வராது. மற்றதில் எல்லாம் உன் இஷ்டம்போல் செய், இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எண்ணெய் போட்டபின் மேலே வழிவதைத் துடைத்துவிட்டு இரவு முழுக்க விடு. உடனே ஓட்டினால் எல்லாம் பின்சக்கரத்தில் தெறிக்கும்.

ஈரம் முழுக்கப் போகும்வரை கவர் போட்டு மூடாதே, மூடினால் உள்ளே புழுங்கும். எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவுவது என்று கேட்காதே, அழுக்கைப் பார்த்து முடிவு செய். பறவை எச்சத்தை மட்டும் அன்றைக்கே துடை, பெயிண்டை அரிக்கும். உப்புக் காற்றில் நிறுத்தி வைத்திருந்தால் வெறும் தண்ணீரிலாவது சீக்கிரம் அலசிவிடு.

இந்த வாரம் செயினை மட்டும் பார்த்தால் போதும். மென்மையான பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் நனைத்துத் துருவைத் தேய்த்து எடு. பெட்ரோல் வேண்டாம், தீப்பிடிக்கும், ரப்பர் வளையத்தையும் கெடுக்கும். கீழே ஓர் அட்டையை விரித்துக்கொள், மண்ணெண்ணெயைத் துடைக்கிற துணியை அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதே. சுத்தமாகத் துடைத்து எண்ணெய் போட்டபின், செயினின் கீழ்ப்பகுதியை நடுவில் மேலும் கீழும் தள்ளி எத்தனை மில்லிமீட்டர் ஆடுகிறது என்று அளந்து, கையேட்டில் போட்டிருக்கும் அளவோடு ஒப்பிட்டுப் பார். ஏதாவது ஒரு லிங்க் மடங்கியே நின்று நிமிர மறுத்தால் அதைப் படமெடுத்து அனுப்பு. அப்படியானால் செயினையும் இரண்டு பற்சக்கரங்களையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும், வாங்கும் முன் என்னிடம் ஒரு வார்த்தை கேள்.

அன்புடன்,
அம்மா